தேயிலைச் செடிக்குள் கேமரா

டயகமவிலிருந்து ஹட்டனுக்கு என் வீட்டுக்காரர் வேன் ஓட்டிய காலம் அது. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க நானும் போவேன். முன் சீட்டு எனக்குத்தான். கண்ணாடிக்குக் கீழே முருகன் படம், ஊதுபத்தி வாசம், நிற்காமல் ஓடும் பாட்டுக் கெசட். இப்போது ரோட்டுக்குத் தாரில் காப்பெட் போட்டு வழவழவென்று ஆக்கிவிட்டார்கள். அவரும் இல்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த நாட்கள் திரும்ப வேண்டும் என்று இருக்கிறது, அன்றைய பயத்தோடு சேர்த்தே.

பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. ஏற்றத்தில் அந்த வேன் முக்கி முனகி ஊரும். இறக்கம் வந்தால் இவருக்குப் பேய் பிடித்துவிடும். ஒரு பக்கம் தேயிலை மலை, மறு பக்கம் பள்ளம். கிழமை நாட்களில் எங்கள் மகள் அதே சீட்டில் உட்கார்ந்துதான் ஹட்டன் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தாள். அவர்கள் இருவரும் வீடு வந்து சேரும்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

பொலிஸார் வேகத்தை அளக்கத் துப்பாக்கி மாதிரி ஒரு கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் நிற்க ஆரம்பித்தது அப்போதுதான். வேன்காரர்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே!

"குழிய மூடக் காசில்லையாம், கேமரா வாங்க மட்டும் காசு இருக்காம்."

"ஏத்தத்துல விட்ட நேரத்த எறக்கத்துலதானேய்யா புடிக்கணும்? அங்க வந்து நிக்கிறானுங்க!"

அவர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொலிஸைக் கண்டால் எதிரே வருகிறவனுக்கு லைட்டை இரண்டு தரம் அடித்துக் காட்ட வேண்டும். பனி மூடி எல்லா லைட்டும் எரிகிற நாளில், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கீழே அமுக்கிக் காட்ட வேண்டும். ஆள் ஏற்றுவதில் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள்கூட இதில் மட்டும் வஞ்சகம் செய்ததில்லை.

ஒரு ஞாயிறு, வளைவில் லொறி ஒன்றை மயிரிழையில் தப்பினோம். மடியிலிருந்த முட்டைக்கோவா உருண்டு ஓடியது. "மெதுவாப் போங்க" என்று அலறினேன். அவர் சிரித்தார். அடுத்த வளைவில் ஒரு பஸ் லைட் அடித்தது. உடனே வேன் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நகர்ந்தது. பக்கத்தில் இருக்கும் பெண்டாட்டி கத்தினால் குறையாத வேகம், எங்கேயோ நிற்கும் பொலிஸ்காரனுக்குக் குறைகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஹட்டனில் அவர் வெற்றிலை வாங்கப் போன நேரம் பார்த்து மற்ற டிரைவர்களிடம் போனேன்.

"தம்பி, பொலிஸ் இல்லாட்டியும் அவரக் கண்டா லைட் அடிங்க."

"பொய் லைட் அடிக்கிறது பாவம் அண்ணி" என்று தலையைச் சொறிந்தான் ஒருவன்.

"எங்க பாப்பா தினம் அதுலதான் போறா" என்றேன். சொறிந்த தலையை அவன் ஆட்டினான், மற்றவர்களும் ஆட்டினார்கள்.

பிறகென்ன, போகும்போதும் லைட், வரும்போதும் லைட். இவர் வீட்டுக்கு வந்து புலம்பினார்.

"லைட் அடிக்கிறானுங்க, ஆனா ஒரு பொலிஸையும் காணோம். கேமராவத் தேயிலச் செடிக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கானுங்க போல."

இதை ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தார். கடைசியில் பொய் லைட் அடித்தவர்களே சந்தேகப்பட்டு அந்த இறக்கத்தில் மெதுவாகப் போக ஆரம்பித்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அந்த மாதங்களில்தான் நான் நிம்மதியாகச் சோறு ஆக்கினேன்.

ஒரு நாள் அவர் வேனை நிறுத்தி, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களிடமே கேட்டிருக்கிறார், கேமரா எந்தச் செடியில் என்று. மலையே சிரித்திருக்கிறது. அவமானத்தோடு ஹட்டனுக்குப் போய் ஒரு டிரைவரைப் பிடித்து உலுக்க, அவன் எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

சாயந்தரம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னயக் கோமாளி ஆக்கிட்டியே. எங்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்ல?"

"கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேங்க. வேன்ல வச்சும் சொன்னேன், சோறு போட்டுக்கிட்டும் சொன்னேன். பாப்பா உங்களோட போக ஆரம்பிச்சப்புறம் அழுதுகிட்டே சொன்னேன்."

"அதெல்லாம் நீ பயந்துபோயி சொல்றேன்னு நெனச்சேன்."

"பயந்துதாங்க சொன்னேன்."

அவர் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். வேகத்தைப் பற்றி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பேச வேண்டிய தேவையே வரவில்லை. பல வருடம் கழித்து அவர் போனது சர்க்கரை வியாதியில், எங்கள் கட்டிலில், மகளும் நானும் பக்கத்தில் இருக்க.