அம்மாவின் நெஞ்சைத் திறந்த பிறகு

அம்மாவுக்கு எழுபத்தாறு வயதில் இடது நுரையீரலில் கட்டி இருப்பது தெரியவந்தது. தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் தனியாக இருந்தவர். தென்னந்தோப்புக்குள் யானை புகுந்தால் மொட்டை மாடியில் நின்று அவர் போடும் சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் எழுந்துவிடுவார்கள்.

தம்பிதான் கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். நானும் போனேன். டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "கட்டி இருக்கிற பகுதியை எடுத்துடலாம். இந்த வயசுல மூச்சுத் திணறல், சளி எல்லாம் வரலாம். சமாளிச்சுக்கலாம்."

"ஏனுங்க டாக்டர், பொழச்சு வந்தா இப்ப இருக்கறாப்பலயே இருப்பனுங்களா?" என்று அம்மா கேட்டார்.

"இன்னும் நல்லா இருப்பீங்கம்மா" என்று சிரித்தார்.

"எடுக்காம உட்டுப்போட்டா?"

"நீ சும்மா இரும்மா" என்றான் தம்பி. அதற்குப் பிறகு டாக்டர் அவனிடம் மட்டுமே பேசினார்.

ஆபரேஷன் முடிந்ததும், கட்டி முழுதாக வந்துவிட்டதென்று தம்பி சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டான். அம்மா சளி கட்டிக்கொண்டு ஐ.சி.யூ.விலேயே வெகுநாள் கிடந்தார். என்னை யாரென்று தெரியாமல் என் கையை உதறினார். அதெல்லாம் மெல்லச் சரியானது. குரல் மட்டும் திரும்பவில்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

"குரலுக்குப் போற நரம்பு கட்டியோட ஒட்டியிருந்துச்சு. சில பேருக்கு இப்படி ஆகும்" என்றார் டாக்டர்.

"முன்னாடியே சொல்லலீங்களே" என்றேன்.

அவர் ஃபைலைப் புரட்டினார். சரி பண்ண முடியுமா என்று கேட்டேன்.

"தொண்டையில ஒரு ஆபரேஷன் பண்ணலாம். ஆனா அம்மாவுக்கு வயசாயிருச்சே. மறுபடி மயக்க மருந்து கொடுக்கறது ரிஸ்க்."

நெஞ்சைத் திறக்கும்போது யார் கண்ணுக்கும் தெரியாத வயது, தொண்டைக்கு வந்ததும் தெரிந்துவிட்டது. அதை வாய்விட்டே சொன்னேன். தம்பி என் கையை அழுத்தினான். டாக்டர் அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.

அம்மா இப்போது சரவணம்பட்டியில் தம்பியின் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஸ்கேன் ஒவ்வொரு முறையும் சுத்தமாக வருகிறது.

சென்னிமலையில் இருக்கும் சித்தி, அம்மாவின் ஒரே தங்கை, தினமும் சாயங்காலம் அக்காவிடம் போனில் பேசிவந்தவர். ஆபரேஷனுக்குப் பிறகும் கொஞ்ச நாள் முயன்றார். அவருக்கோ காது மந்தம். "என்னக்கா சொல்றே, ஒண்ணுமே கேக்கலியே" என்று கத்துவார். இப்போது எனக்குக் கூப்பிடுகிறார்.

"அக்காளக் கேட்டேன்னு சொல்லிப்போடு கண்ணு."

நான் போய்ச் சொல்கிறேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.