மீட்டர் நெஸ்டா வீட்டு ஜன்னல்

எங்கள் கரிச்சுரங்கப் பள்ளத்தாக்கில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். தொழிலையும் சேர்த்துச் சொன்னால்தான் ஆள் யாரென்று பிடிபடும். ரொட்டி டேவிஸ், பால் டேவிஸ், சவப்பெட்டி டேவிஸ். நெஸ்டா ப்ரோபர்ட்டுக்கு அப்படி வந்து ஒட்டிக்கொண்ட பெயர்தான் மீட்டர் நெஸ்டா.

இருபத்து மூன்று வயதில் கேஸ் கம்பெனியில் மீட்டர் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மலைச்சரிவில் தோளோடு தோள் உரசி நிற்கும் வீடுகளை வரிசை வரிசையாக ஏறி இறங்கி, கதவைத் திறந்து "கேஸ்!" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, மாடிப்படிக்கு அடியிலிருக்கும் இருட்டு அலமாரிக்குள் தலையை நுழைப்பாள். எல்லார் வீட்டு மீட்டரும் அங்கேதான் இருந்தது. எல்லார் வீட்டு ரகசியமும் அங்கேதான். கிறிஸ்துமஸுக்கு ஒளித்து வைத்த சைக்கிள், மனைவிக்குத் தெரியாமல் வாங்கிய விஸ்கி, எல்லாம் அவள் டார்ச் வெளிச்சத்தில் பட்டிருக்கின்றன. ஒன்றுகூட அவள் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை.

எம்ரிஸை அவள் முதன்முதலில் பார்த்ததும் அப்படி ஓர் அலமாரியில்தான். கதவைத் திறந்த அவனுடைய அம்மா இவளை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க கம்பெனிக்கு ஆம்பளையே கிடைக்கலையா?"

"கிடைச்சாங்க. அவங்களுக்கெல்லாம் நாய்னா பயமாம்" என்றாள் நெஸ்டா.

சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து வந்திருந்த எம்ரிஸ் சிரித்துவிட்டான். உதவுகிறேன் என்று டார்ச்சை வாங்கிக்கொண்டு அவனும் தலையை நுழைக்க, உள்ளே சாய்த்து வைத்திருந்த இஸ்திரிப் பலகை நேராக அவன் மண்டையில் விழுந்தது. "இதையும் மீட்டர்ல சேர்த்துக்குவீங்களா?" என்று தலையைத் தடவிக்கொண்டே கேட்டான். அடுத்த வருஷம் அதே வீட்டுக்கு மருமகளாகப் போனாள்.

"கரி வெட்டுறவன் வீட்டுக்குக் கேஸ்காரி வந்திருக்கா" என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அந்த வீட்டில் கேஸ் அடுப்புக்கு மட்டுந்தான். மற்றபடி குளிர் காயவும் குளிக்க வெந்நீருக்கும் கரிதான். சுரங்கத் தொழிலாளிக்கு இலவசமாக வரும் கரியை வாசலில் கொட்டிவிட்டுப் போவார்கள். எம்ரிஸ் விசிலடித்துக்கொண்டே வாரிப் போடுவான்.

சமையலறைக்குப் பின்பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. அதைத் திறந்தால் ஆட்களைக் கீழே இறக்கி மேலே ஏற்றும் சுரங்க வாயிலின் பெரிய இரும்புச் சக்கரம் கண்ணெதிரே நிற்கும். ஷிப்டு முடிகிற நேரம் சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் நெஸ்டா டீக்குத் தண்ணீர் வைப்பாள். அவன் வந்து சேர்வதற்கும் டீ இறங்குவதற்கும் சரியாக இருக்கும்.

பிறகு சுரங்கத் தொழிலாளர்களின் அந்த நீண்ட வேலைநிறுத்தம் வந்தது. தோற்றுப்போய்க் கொடியோடு வேலைக்குத் திரும்பிப் போனவர்கள் அந்த வருஷம் முடிவதற்குள் ஒரேயடியாக வெளியே வந்தார்கள். சுரங்கத்தை மூடிவிட்டார்கள். சக்கரம் அசையாமல் நின்றது. வாசலில் கரி கொட்டுவது நின்றது. எம்ரிஸ் பக்கத்து ஊரில் டெலிவிஷன் செய்கிற ஆலையில் வேலை தேடிக்கொண்டான்.

சில மாதங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை, வீட்டைச் சூடாக்கவும் வெந்நீருக்கும் கேஸ் பாய்லர் வைக்கலாம் என்று அவனாகவே சொன்னான்.

"இந்த ஜன்னலை அடைச்சிட்டு இங்க மாட்டிடலாம். புகைக்குழாய் வெளிய போக வெளிச்சுவர் வேணும்ல?"

வரிசையில் அதுதான் கடைசி வீடு; பக்கவாட்டில் இருந்ததும் வெளிச்சுவர்தான். நெஸ்டா அந்தச் சுவரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "சரி, அடைச்சிடுங்க" என்றாள்.

எம்ரிஸ் இறந்துபோய் ஆறு வருஷமாகிறது. நெஸ்டாவுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனதும் மகள் லவ்ரி கார்டிஃபை விட்டு வந்து உடன் இருக்க ஆரம்பித்தாள். மாடியேறி கழிவறைக்குப் போக அம்மா படும் பாட்டைப் பார்த்துவிட்டு, படிக்கு அடியிலேயே ஒரு கழிவறை கட்டுவதென்று முடிவெடுத்தாள். அப்படியென்றால் மீட்டர் வெளியே போக வேண்டும். அதோடு சமையலறையையும் புதுப்பித்து, பழைய பாய்லரை எடுத்துவிட்டு, மாடியில் புதிது வைத்துவிடலாம் என்றாள்.

மீட்டரை மாற்றக் கேஸ் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். வாசல் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் அதைக் கொண்டுபோய் வைத்தார்கள். இனி அளவு தானாகப் போய்ச் சேர்ந்துவிடுமாம், யாரும் வீட்டுக்கு வரவேண்டியதில்லையாம். நெஸ்டா காலியான அலமாரிக்குள் பழக்கதோஷத்தில் தலையை நுழைத்துப் பார்த்தாள். உள்ளே புழுதி வாசனையும் மெழுகு வாசனையும் கலந்து வந்தன. எத்தனை வீடுகளில் முகர்ந்த வாசனை! கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்றாள்.

பாய்லரை மாற்ற வந்தவன் ப்ரின். குழாய்களைக் கழற்றி, பாய்லரை இறக்கியதும், பின்னாலிருந்த பூச்சு பாளமாக உதிர்ந்தது. உள்ளே வேறு நிறச் செங்கல், சதுரமாக.

"ஆன்ட்டி, இங்க ஜன்னல் இருந்திருக்கே! இத அடைச்சா பாய்லர் வெச்சாங்க? அந்தப் பக்கச் சுவர்ல வெச்சிருந்தா பாதி வேலைதானே!"

"அப்பாவுக்கு எதையும் சுத்தி வளைச்சுத்தான் செய்யணும்" என்று லவ்ரி சிரித்தாள்.

நெஸ்டா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஜன்னலுக்கு நேரா சக்கரம் நின்னுச்சு, கண்ணு. சுரங்கத்த மூடின பிறகு உங்கப்பா இந்த மேஜையில ஜன்னலுக்கு முதுகு காட்டித்தான் உக்காருவார். டீயைக் கையில வெச்சுக்கிட்டு வாசலையே பார்த்துட்டு இருப்பார். சாகுறவரைக்கும் இதுதான் காரணம்னு வாயத் திறந்து சொல்லல."

"நீ கேட்கலையா?"

"கேட்டு என்ன ஆகப்போகுது? வீடு கதகதன்னு இருந்துச்சு. 'நல்ல இடமாப் பார்த்து வெச்சீங்க'ன்னு சொன்னேன். அன்னிக்குத்தான் ரொம்ப நாளைக்கப்புறம் விசிலடிச்சார்."

ப்ரின் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான். லவ்ரி அந்தச் செங்கல்களைத் தொட்டுப் பார்த்தாள். சக்கரத்தைப் பிரித்தெடுத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அந்தச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாரும் யோசித்ததே இல்லை.

"இதத் திறந்துடு தம்பி" என்றாள் நெஸ்டா.

"அம்மா, அங்கதான் பாத்திர அலமாரி வருது. அளவெல்லாம் குடுத்தாச்சு."

"அலமாரியப் பக்கச் சுவர்ல வை. நாப்பது வருஷமா சும்மாத்தானே கிடக்கு அது."

லவ்ரி அலமாரி செய்பவருக்குப் போன் செய்யப் போனாள்.

புது பாய்லர் மாடிக்குப் போய்ச் சேரும்வரை வீடு சில்லிட்டுக் கிடந்தது. நெஸ்டா கோட்டோடும் தொப்பியோடும் சமையலறையிலேயே உட்கார்ந்து, கொத்தனார் ஒவ்வொரு செங்கல்லாக உருவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒரு கோடு வெளிச்சம், பிறகு கைக்குட்டை அளவு, பிறகு மலை முழுக்க. சுரங்கம் இருந்த இடத்தில் பிர்ச் மரங்கள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தன. இரண்டு ஆடுகள் வேலி தாண்டி வந்து யாருடைய முட்டைக்கோஸையோ மேய்ந்துகொண்டிருந்தன.

கண்ணாடி போட்ட மறுநாள், நெஸ்டா கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பின்சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டு அவிஸ் துணி உலர்த்த வந்தாள். ஜன்னலைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏய் நெஸ்டா! இனிமே என் உள்பாவாடையெல்லாம் உன் கண்ணு முன்னாடிதான் காயணுமா?"

"பார்க்கிற மாதிரி நல்லதா வாங்கிப் போடுடி!"

"வாயப் பாரு! அடுப்புல என்ன வெச்சிருக்க?"

"டீதான். ஈரக்கையத் துடைச்சுக்கிட்டு வா" என்றாள் நெஸ்டா.