சிப்பி மாலையின் நுனி

மகளைக் கடலோரத்தில் கட்டிக்கொடுத்த நாளிலிருந்தே அந்தத் தண்ணீர் மேல் எனக்கு நம்பிக்கையில்லை. காஞ்சிபுரத்தில் தறி வீட்டில் வளர்ந்தவள், உப்பங்கழியில் சிப்பி வளர்க்கிறேன் என்றாள். தீனியே போட வேண்டாமாம். தண்ணீரில் இருப்பதைத் தின்று தானாக வளருமாம். தீனி கேட்காத பிராணியை நான் பார்த்ததில்லை.

போன வருஷம் ஒரு சாக்கு காலி ஓடுகளை என் வீட்டில் இறக்கினாள். நடுவில் ஓட்டை போட்டிருந்தது. ஆறாறாகக் கயிற்றில் கோத்து மாலையாக்கித் தர வேண்டும். தண்ணீரில் தொங்கவிட்டால் குஞ்சுச் சிப்பிகள் வந்து அதில் ஒட்டி வளரும். அவள் தந்த நைலான் கயிறு துண்டு துண்டாக இருந்தது. தறியில் புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழையோடு புது இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்போம். முடிச்சுப் போட மாட்டோம். நான் பிணைத்தது அவிழ்ந்ததாக எந்தத் தறிக்காரரும் சொன்னதில்லை. கயிற்றையும் அப்படியே பிணைத்தேன். அடையாளத்துக்கு ஒவ்வொரு மாலையின் உச்சியிலும் சிவப்புப் பட்டு இழை சுற்றினேன். மொத்தம் நாற்பது மாலை.

மகளும் பக்கத்து வீட்டுக்காரியும் அவற்றைச் சவுக்குக் கம்புகளில் கட்டினார்கள். பக்கத்திலேயே அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் சொந்த மாலைகளும் தொங்கின. ஏழெட்டு மாதம் கழித்து மகள் போன் பண்ணினாள்.

"மா, பதினொண்ணு காணோம். நல்லா பெருத்ததா பாத்து போயிருக்குது. சின்னதெல்லாம் அப்பிடியே இருக்குது."

எனக்குப் புரிந்துவிட்டது. அலைக்குப் பெரியது சிறியது தெரியாது. மனுஷருக்குத்தான் தெரியும். அன்றைக்கே பஸ் ஏறினேன். அந்த ஊரில் இரண்டு கடைகளில் விசாரித்தேன். விசாரித்தபோதே பக்கத்து வீட்டுக்காரிதான் எடுத்தாள் என்றும் சொல்லிவிட்டேன். பிறகு அவள் வாசலுக்குப் போனேன்.

"ஏம்மா, ஒன் மால எல்லாம் சரியா இருக்குதா?"

"இருக்குதுக்கா."

"எங்களுது மட்டும் கால் மொளச்சி நடந்துக்கினு போச்சா?"

"இதை கேக்கத்தான் காஞ்சிவரத்துலேர்ந்து வந்தியா?" என்று உள்ளே போய்விட்டாள். மறுநாள் அவள் தண்ணீருக்கு வரவில்லை.

"அவங்க இல்லாம நான் எறங்க முடியாதும்மா," என்றாள் மகள். "சேறு எங்க ஆளை இழுக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும். எடுக்கற நேரம் வந்துடுச்சி. தெனம் ஒண்ணு ரெண்டு கொறையுது. இத்தன மாசம் பட்ட பாடு, மீதியையும் தண்ணியிலயே விட்டுடவா?"

"திருடியோட எறங்கறதுக்கு சும்மா இருக்கலாம்," என்றேன்.

தண்ணீர் வற்றிய மத்தியானம் புடவையைச் செருகிக்கொண்டு கரையோர வரிசை வரை நானே இறங்கினேன். கத்தி பட்ட இடத்தைக் காட்டினால் அவள் என்ன சொல்லுவாள், பார்ப்போம். காலிக் கம்பில் என் சிவப்பு இழை இருந்தது. அதன் கீழே ஒரு சாண் கயிறு. நுனியை விரலில் எடுத்தேன்.

அறுத்த நுனி எது, அவிழ்ந்த நுனி எது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். முறுக்குக் கலைந்து சுருண்டிருந்தது. அடுத்த கம்பிலும் அப்படித்தான். பட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நைலான் வழுக்கும். எடை ஏற ஏற நழுவும், பெருத்த மாலைதான் முதலில் விழும்.

"யக்கா, அங்கயே நில்லு. இன்னொரு அடி வெச்சா இடுப்பு வரைக்கும் போயிடுவே."

கரையிலிருந்து அவள் இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அறுக்கல," என்றேன். "அவுந்திருக்குது. நான் பிணைச்சது."

அவள் குனிந்து சேற்றில் கைவிட்டு ஒரு மாலையை இழுத்தெடுத்தாள். பாதிச் சிப்பி செத்திருந்தது.

"எம் பேரை எத்தினி கடையில சொன்னே?"

"ரெண்டு."

"ரெண்டுலயும் போய் சொல்லிட்டு வா. அப்பறம் எறங்கறேன்."

போய்ச் சொன்னேன். மறுநாள் அவளும் மகளும் இறங்கி மீதி மாலைகளை எடுத்தார்கள். சேற்றில் துழாவியதில் விழுந்தவற்றில் பலவும் கிடைத்தன. அடுத்த தடவைக்கு ஓடு கோக்கும்போது முடிச்சைப் பக்கத்து வீட்டுக்காரியே போட்டாள். நான் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன்.

விழுந்தவற்றில் இரண்டு மாலை மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.