காருக்கு வைத்த மூக்கு

ரோஸ் மில்க் தீர்ந்த பிறகும் ஸ்ட்ராவை விடாமல் உறிஞ்சுகிறாள் பக்கத்து மேசைச் சிறுமி. சர்ர்ர்… களக். அவள் அம்மா அதட்டுகிறாள். எனக்கோ அந்தச் சத்தத்தில் காலடியில் தண்ணீர் ஏறுகிறது, நனைந்த பட்டுப்புடவையின் வாசனை வருகிறது, பெருங்களத்தூர் தாண்டி நடுரோட்டில் ஒரு வெள்ளைக் கார் மெல்லக் கண்ணை மூடுகிறது.

தாத்தாவின் கார் அது. அஸ்தினாபுரத்தில் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்ற பிறகு, மாடுகள் நின்ற இடத்தில் வந்து நின்றது. யாரோ ஓட்டிச் சலித்த பழைய வண்டி. வாங்கியவர் தாத்தா என்றாலும் அது வந்து சேர்ந்தது என்னவோ மாமாவிடம். அம்மாவுக்கும் சித்திக்கும் பின்னால் பிறந்த கடைக்குட்டி மாமா. காலேஜைப் பாதியில் விட்டு பானெட்டுக்குள் தலையை நுழைத்தவர், சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே எடுத்தார்.

என்ஜினின் தலையில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வட்ட டப்பா உட்கார்ந்திருக்கும். வண்டி மூச்சு இழுப்பது அதன் வழியாகத்தான். கம்பெனிக்காரர்கள் வைத்த மூக்கு என்ஜினின் சூட்டுப் பக்கமே திரும்பியிருக்கிறது என்பதை ஒரு சித்திரை மத்தியானம் மாமா கண்டுபிடித்தார். அடுப்பில் முகத்தை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறது பாவம் என்றார். வெளிக்காற்றைக் கொடுத்தால், குளிர்ந்த காற்றைக் கொடுத்தால், வண்டி குதிரையாகிவிடும் என்றார். நான் அப்போதே ஏறிச் சவாரி போய்விட்டேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையின் பழைய சாமான் குவியலிலிருந்து, தும்பிக்கை போல மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் வந்தது. ஏரோப்ளேனில் இருந்ததென்று விற்றவன் சொன்னானாம். மாமா நம்பினார், ஆகவே நானும் நம்பினேன். ஒரு முனையை வட்ட டப்பாவில் மாட்டினார். மறுமுனையை பம்பருக்கு அடியில் இறக்கி, எதிர்க்காற்றை வாரிக்கொள்ள அதில் ஒரு தகரப் புனலைச் சொருகினார். மண்ணெண்ணெய் ஊற்றும் புனலைக் காணோம் என்று அம்மா வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்த வாரம் அது.

பரங்கிமலை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் இருமிக்கொண்டே ஏறும் வண்டி, அன்றைக்கு மூன்றாவதில் ஏறியது. ஏறும்போது ஹூம்ம் என்று ஒரு சத்தம், ஆழ்ந்து தூங்குகிறவர் மூச்சை உள்ளே இழுப்பதுபோல. உச்சியில் இறங்கி, வியர்த்த குழந்தையின் நெற்றியைத் துடைப்பதுபோல பானெட்டைத் துடைத்தார் மாமா.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. புனல் தரையை ஒட்டி இருந்ததால், தேங்கிய தண்ணீரில் போனால் காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சிவிடும். உறிஞ்சினால் என்ஜின் அவ்வளவுதான். அதனால் வானம் இருட்டினால் அம்மா வடாம் எடுக்க மொட்டை மாடிக்கு ஓடுவாள், மாமா குழாயைக் கழற்ற வாசலுக்கு ஓடுவார். ஒரு கிளிப், ஒரு திருகாணி. அந்தத் திருகாணியை உள்ளங்கையில் வாங்கிப் பத்திரப்படுத்துவது என் உத்தியோகம். ஒரு தூறலுக்குக்கூட அவர் தவறியதில்லை.

அந்த ஐப்பசியில் சித்திக்கு வரன் வந்தது. சித்தி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். ஊரில் எல்லாரையும் எல்லாரோடும் பேசவைக்கிறவள் அந்த வாரம் வீட்டில் ஒருவரோடும் பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு அரிசி மண்டி, கை நிறைய வரும்படி. மாப்பிள்ளை முதல் மனைவி தவறிப்போனவர். பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவர்கள் கேட்கவில்லை. எவ்வளவு பெருந்தன்மை என்று தாத்தா வாக்குக் கொடுத்துவிட்டார். தாத்தா கொடுத்த வாக்குக்கு எங்கள் வீட்டில் மறுவாக்குக் கிடையாது. சிங்கப்பெருமாள் கோவிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்துப் பூ வைத்துவிடுவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பிறப்பதற்குள்.

விடியும்போதே மழை. பள்ளிக்கூடம் லீவு. நான் வாசலுக்கு ஓடி உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

“மாமா, குழாய் கழட்டல?”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு படியில் நின்ற சித்தியைப் பார்த்தார். தலை நிறையப் பூ, முகத்தில் ஒன்றுமே இல்லை. பிறகு பானெட்டைச் சத்தமில்லாமல் அழுத்தி மூடினார்.

“ஜன்னல் சீட்டு ஒனக்குத்தான். வாய மட்டும் தொறக்காம வா.”

ஜன்னல் சீட்டு பெரிய பதவி. நான் வாயை மூடிக்கொண்டேன்.

முன்னால் மாமாவும் தாத்தாவும், பின்னால் அம்மா, சித்தி, நான். தாம்பரம் வரை மழை பார்க்க அழகாக இருந்தது. பெருங்களத்தூர் தாண்டியதும் ரோட்டைக் காணோம். ஏரி எழுந்து குறுக்கே படுத்திருந்தது. மாமா வண்டியை நிறுத்தினார். அவ்வளவு பணிவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

“அப்பா, தண்ணி ஜாஸ்தியா கீது. திரும்பிடலாமா?”

“நல்ல காரியத்துக்குக் கெளம்பிட்டு எவனாவது திரும்புவானாடா? லாரி போவுது பாரு. வுடு வண்டிய.”

மாமா அப்பா சொல்லைத் தட்டாமல் கேட்டது, எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

தண்ணீர் பம்பரைத் தொட்டது, தாண்டியது. ஹூம்ம் என்ற மூச்சு கரகரத்தது. சர்ர்ர். களக். அடியில் ஏதோ ஒரு இரும்பு எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு மழைச் சத்தம் மட்டும். மாமா ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்து அப்படியே இருந்தார். எனக்கு அழுகை வந்தது, சித்திக்காக அல்ல, காருக்காக.

தாத்தா திட்டத் தொடங்கியபோது சித்தி கதவைத் திறந்து முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். அரக்குப் பட்டைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பின்னால் போய்த் தள்ளினாள். மாமாவும் போய்ச் சேர்ந்துகொண்டார். பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மழை வழியும் இரண்டு முகங்கள், பக்கத்துப் பக்கத்தில். சித்தியின் தோள்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன. கனமான வண்டி, மூச்சு இரைக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

பத்தரை தாண்டியது. பெண் புறப்பட்ட வண்டி பாதி வழியில் நின்றால் அதற்கு மேல் யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. சகுனம் சரியில்லை என்று மாப்பிள்ளை வீட்டாரே ஆள் அனுப்பிவிட்டார்கள். தாத்தாவின் வாக்கு தவறவில்லை, சித்தியும் மறுக்கவில்லை, மழையைக் குற்றம் சொல்ல யாரால் முடியும்? மாமாவைச் சொல்லலாம். சொன்னார்கள். காருக்கு மூக்கு வைத்தானாம், மூளை வைத்துக்கொள்ளவில்லையாம். விசேஷ வீடுகளில் பந்தி பரிமாறப் போனால், புனல் எங்கடா, சாம்பாரை அதில் ஊற்று என்பார்கள். மாமா தலையைக் குனிந்தபடி ஊற்றிக்கொண்டே போவார். பொங்கல் தாண்டியும் கார் எழுந்திருக்கவில்லை. அது கிடந்த கொட்டகைப் பக்கம் அவர் தினமும் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார். மறதிக்காரர்களுக்கு அவ்வளவு வருத்தம் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஐப்பசியில் சித்திக்குப் பதவி உயர்வு வந்து மதுரைக்கு மாற்றல் ஆனது. தாம்பரம் ஸ்டேஷனில், என் பெண் சூப்பர்வைசர் என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் தாத்தா சொல்லிக்கொண்டிருந்தார். பழைய மூக்கோடேயே மறுபடி நடமாடத் தொடங்கியிருந்த கார் வெளியே நின்றது. லேசாகத் தூறல். ரயில் நகரும் நேரத்தில் சித்தி ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து மாமாவைக் கூப்பிட்டாள்.

“டேய், தூறுதே. இன்னிக்காச்சும் குழாய கழட்டினியா?”

வழியனுப்ப வந்த எல்லாரும் சிரித்தோம். தாத்தாவே சிரித்தார். வழக்கமான கேலிதான் என்று எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் நான். மாமா மட்டும் சிரிக்கவில்லை. நகரும் ஜன்னலோடு நாலடி நடந்து, கம்பியின் மேலிருந்த அவள் விரல்களைத் தொட்டார்.

“வூட்லயே கழட்டிட்டேன்க்கா. நீ நிம்மதியா போய்ட்டு வா.”