மடக்கிப் பிடித்த குழாய்

கொரோனா ஓய்ந்து, வேலை மறுபடி சூடுபிடித்திருந்த ஒரு வைகாசி மாதம். தூத்துக்குடி ஹார்பர் ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில், மீன் ஏற்றும் லாரிகளுக்கு அலுமினியத் தகட்டில் பாடி கட்டிக்கொண்டிருந்தோம். மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிற நேரம். விசைப்படகுகள் கடலுக்குப் போகும்போது வண்டி தயாராக நிற்க வேண்டும் என்று லாரிக்காரர்கள் காலையும் மாலையும் வந்து உயிரை எடுப்பார்கள். தடைக்காலம் முழுக்கத் தூங்கிவிட்டுக் கடைசி வாரத்தில்தான் அவர்களுக்கு வண்டி ஞாபகமே வரும்.

என் தங்கச்சி மாப்பிள்ளையும் நானும் ஒரு ஜோடி. ரிவெட் அடிக்க இரண்டு பேர் வேண்டும். அவர் வெளியே நின்று, காற்றில் ஓடும் ரிவெட் கன்னால் அடிப்பார். நான் லாரிப் பெட்டிக்குள் இருந்து ரிவெட்டின் மறுமுனையில் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடிப்பேன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அந்தச் சத்தத்தில் பேச்சும் கேட்காது. தகட்டில் நான் ஒரு தட்டு தட்டினால் சரி, இரண்டு தட்டினால் இன்னும் அடி. வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷன், சாப்பாட்டு நேரம் நெருங்கினால் அந்தப் பக்கமிருந்து தாளம் போட்டுக் கூப்பிடுவார்.

கன்னின் வாயில் ஸ்னாப் என்று கட்டைவிரல் பருமனில் ஒரு இரும்பு இருக்கும். ரிவெட் தலையில் அடிப்பது அதுதான். தெறித்துப் போகாமல் அதை ஒரு ஸ்பிரிங் பிடித்திருக்கும். ரிவெட் அளவு மாறினால் ஸ்பிரிங்கைக் கழற்றி ஸ்னாப்பை மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் காற்றை அடைக்க வேண்டும், குழாயில் மிச்சம் நிற்கும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் பட்டறையில் வால்வு ஒன்றே ஒன்றுதான், அதுவும் கம்ப்ரசர் பக்கத்தில். அதை அடைத்தால் அத்தனை பேர் கையிலும் கன் செத்துவிடும். "எவம்லே காத்த அடைச்சது?" என்று நாலு பக்கமிருந்தும் வசவு வரும். அதனால் யாரும் அடைப்பதில்லை. குழாயை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்னாப்பை மாற்றிவிடுவோம். எனக்கு முன்னால் வந்தவர்களும் அப்படித்தான் மாற்றினார்கள்.

அன்று மத்தியானம் வெளியே சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கட்டையைப் பிடித்தபடியே காத்திருந்தேன். தட்டிப் பார்த்தேன், பதில் இல்லை. உள்ளே அடுப்புக்குள் இருப்பது போல வேக்காடு. பாதுகாப்புக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கதவுப் பக்கமாகத் தலையை நீட்டினேன்.

மாப்பிள்ளை குழாயை இடுக்கிக்கொண்டு குனிந்து நின்றிருந்தார். புது ஸ்னாப்பை வைத்துவிட்டார், ஸ்பிரிங்கை இன்னும் மாட்டவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல நிமிர்ந்தார். வியர்வையில் குழாய் வழுக்கி விரிந்தது. கன்னின் விசை அவர் உள்ளங்கைக்குள் அமுங்கியிருந்தது. ஸ்னாப் தெறித்து என் முகத்துக்கு வந்தது.

வலி உடனே தெரியவில்லை. யாரோ ஓங்கி அறைந்தது போல இருந்தது. யார் அறைந்தது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அப்புறம்தான் சட்டையெல்லாம் ரத்தம். கண்ணைக் கையால் பொத்திக்கொண்டேன். ஆட்டோவில் மாப்பிள்ளை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மச்சான், கையை எடுக்காதிரும் மச்சான், கையை எடுக்காதிரும்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்தார்கள். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

தங்கச்சி ஓடி வந்தாள். கட்டில் பக்கம் குனிந்து அவள் கேட்ட முதல் கேள்வி: "அண்ணே, அவர போலீஸ்ல பிடிச்சிருவாவளா?" போனது என் கண், இவள் யாரைக் கேட்கிறாள் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள் வேறு எதைக் கேட்பாள்?

மாப்பிள்ளை தினமும் வந்தார். வார்டு வாசலோடு நின்றுவிடுவார். ஒருநாள் நானே கூப்பிட்டேன்: "மாப்ளே, இங்கன வாரும். ஒம்ம மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல." அவர் தலையை ஆட்டினார். உள்ளே வரவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் முதலாளி, "அந்த ஆளோட கவனக்குறைவு சார்" என்று ஒரே வரியில் முடிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. இங்கே எல்லாருமே குழாயை மடக்கித்தான் மாற்றுகிறோம், அன்றைக்கு வழுக்கியது அவருடையது, அவ்வளவுதான் என்று சொன்னேன். அடுத்த வாரமே ஒவ்வொரு கன்னுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு வந்துவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது.

நான் இப்போது அதே பட்டறையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். வால்வை அடை, விசையை அமுக்கி மிச்சக் காற்றை விடு, அப்புறம் ஸ்பிரிங்கில் கை வை என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. மாப்பிள்ளை பட்டறைக்குத் திரும்பவே இல்லை. உப்பளத்தில் மூட்டை ஏற்றப் போகிறார்.

அவர் மகளுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடி என்பதால் பிள்ளையை நான்தான் வைத்திருந்தேன். அவரை எங்கேயும் காணவில்லை, அன்றைக்குக்கூட ஒளிந்துகொண்டாரே என்று மனசு விட்டுப்போயிற்று. பிற்பாடு போட்டோ பார்த்தபோது எல்லாப் படத்திலும் இருந்தார். என் தோளை ஒட்டி, இடது பக்கம், எனக்குத் தெரியாத பக்கம்.

அதற்கப்புறம்தான் கவனித்தேன். கல்யாண வீட்டில், கோயில் கொடை விழாவில், எங்கே போனாலும் அந்தப் பக்கம்தான் வந்து உட்காருகிறார். பந்தியில் இடது பக்கத்து இலையில் சத்தமில்லாமல் யாரோ அமர்ந்தால் அவர்தான் என்று எனக்குத் தெரியும், ஆனால் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார். என் கண் போன இடம் எப்போதோ ஆறிவிட்டது. என் முகத்துக்கு நேரே வர முடியாத அந்த மனுஷன் இலையில் கை வைக்கும் சத்தம் கேட்கும்வரை நானும் சோற்றைத் தொடாமல் காத்திருக்கிறேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை.