தூரத்தில் நின்ற துணைக்கால்

போன ஞாயிற்றுக்கிழமை பம்பாய் கிங்ஸ் சர்க்கிளில், ஒரு ஸ்டேஷனரி கடையில் பேனா மை வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் இளைஞர். கையில் சிலேட்டும் அரிச்சுவடியும். என்னை அடையாளம் கண்டுகொண்டுவிட்டார்.

"சார், வாராவாரம் எழுதறவர்தானே நீங்க? ஒரு சந்தேகம். பையனுக்கு நாலு வயசு. ஒரு மாசமா 'அ' போடச் சொல்லித் தலைகீழா நிக்கறேன். வரவே மாட்டேங்கறது. எந்த எழுத்துல சார் ஆரம்பிக்கணும்?"

பத்தி எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. நானும் அதைக் கலைப்பதில்லை.

"'அ'வில்தான் ஆரம்பிக்கணும்னு சட்டமா என்ன? என் மகள் 'வா'வில் ஆரம்பித்தாள்" என்றேன்.

அவர் விழித்தார். கடையில் நல்ல கூட்டம். அவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

நாலு வருஷம் இருக்கும். தாதர் பக்கம் இன்னும் ட்ராம் ஓடிக்கொண்டிருந்த காலம். நாங்கள் தாராவியில், மாஹிம் பக்கமாக, ஒரு 'சால்' வீட்டில் இருந்தோம். சால் என்றால் வேறொன்றுமில்லை… ஒரு நீள வராந்தா, பத்து அறை, பத்துக் குடும்பம். வராந்தாவில் நின்றால் ரயில் தெரியும்.

என் மனைவி எஸ்தருக்கு இருமல் என்று ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் டி.பி. என்று முடிந்தது. ஊருக்கு வெளியே ஒரு சானடோரியத்தில் சேர்த்தேன். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் பார்க்கலாம். குழந்தைகளுக்கு மட்டும் அனுமதி கிடையாது. எங்கள் மகள் சுகிர்தாவுக்கு அப்போது மூன்றரை வயது.

காலையில் நான் ஆபீஸ் கிளம்பும்போது, பக்கத்து அறை சாந்தாபாய் கையை நீட்டிச் சுகியை வாங்கிக்கொள்வாள். மராத்திக்கார அம்மாள். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. சாயங்காலம் நான் வந்து வாங்கிக்கொள்வேன்.

நாள் முழுக்க மராத்தியும் இந்தியும் கேட்கிற குழந்தை என்ன பேசும்? மூன்றே மாதத்தில் தமிழ் அவள் வாயிலிருந்து நழுவ ஆரம்பித்தது. "பாணி தே, அப்பா" என்பாள். "தண்ணியா?" என்றால் கொஞ்சம் யோசிப்பாள். அந்த ஒற்றை அறையில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்கும் பொதுவாகப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சாப்பிட்டு முடித்தால் ஆளுக்கொரு மூலை. அவள் தீப்பெட்டிகளை வரிசையாக வைத்து ரயில் ஓட்டுவாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எஸ்தர் வாரம் ஒரு தபால் கார்டு எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு அதுவும் நின்றது. நேரில் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள். நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்துவிட்டால் பிழைக்க வழியுண்டு என்றார் டாக்டர். அவளோ கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.

"அறுத்தும் பெழைக்காத ரெண்டு பேர இந்த வார்டுலயே பாத்துட்டேன். என்னைய இப்படியே விட்ருங்க. பிள்ளைய ஊருல எங்க அக்காட்ட அனுப்பிருங்க. நீங்களும்…"

"நானும்?"

"ஒங்களுக்கு என்ன வயசாயிட்டு? யோசிச்சுப் பாருங்க."

என்னத்தை யோசிப்பது? திரும்பி வருகையில் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பம்பாய் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தும் சந்தோஷப்படாத ஒரே மனிதன் அன்றைக்கு நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் சுகி கேட்டாள். "அப்பா, அம்மா கப் ஆயேகி?" அம்மா எப்போது வருவாள்?

"நீ கூப்பிட்டா வருவா" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்து, "அம்மா! அம்மா!" என்று கத்த ஆரம்பித்துவிட்டாள். ஒரு ரயில் போயிற்று. இன்னொன்று போயிற்று. அவள் நிறுத்தவில்லை. பத்து வாசலிலும் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டேன். "இங்கயிருந்து கேக்காதும்மா. எழுதிக் கூப்பிடணும். நான் சொல்லித்தாரேன்."

வாக்குக் கொடுத்தாயிற்று! எஸ்தருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். குழந்தைக்கோ தமிழ்ப் பேச்சே தடுமாறுகிறது. என்ன எழுதச் சொல்வது? நல்ல வேளை… நம் மொழியில் ஒருத்தரைக் கூப்பிட ஓர் எழுத்துப் போதும். வா.

சிலேட்டைக் கொடுத்தேன். தூர எறிந்தாள். கையைப் பிடித்து எழுத வைத்தேன். கடித்தாள்! இரண்டு நாள் இந்த யுத்தம் நடந்தது. மூன்றாம் நாள், அவளுடைய தீப்பெட்டி ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆபீஸிலிருந்து வரும் வழியில் சாக்பீஸ் வாங்கி வந்தேன். வராந்தாத் தரையில், ஆள் நடக்கிற அளவுக்குப் பெரிய 'வ' ஒன்றைப் போட்டேன். அதுதான் தண்டவாளம். சுழியில் புறப்பட வேண்டும், வளைய வேண்டும், கீழே நேராக ஓட வேண்டும், மேலே ஏறி நிற்க வேண்டும். அதற்குப் பக்கத்தில் துணைக்கால் – ஏறி இறங்குகிற பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் எஸ்தரின் சேலை ஒன்றை மடித்து வைத்தேன்.

"இது என்ன ஸ்டேஷன்?" என்றாள் சுகி.

"அம்மா ஸ்டேஷன்."

பச்சைத் துண்டைக் கொடியாக ஆட்டி நான் ரயில் கார்டு ஆனேன். "கூ…" என்று கிளம்பினாள். வளைவில் தடம் புரண்டால் முதலிலிருந்து வர வேண்டும். அது சட்டம். பாலம் ஏறி இறங்கியதும் சேலையில் போய்த் தொப்பென்று உட்காருவாள். உடனே எழுந்து மறுபடியும் சுழிக்கு ஓடுவாள். நாலாம் நாள் சால் பிள்ளைகள் எல்லாம் அவள் பின்னால் பெட்டி பெட்டியாகக் கோத்துக்கொண்டன. தமிழ் எழுத்தின் மேல் மராத்திப் பிள்ளைகளின் ஊர்வலம்… அடடா!

பகலில் வராந்தா கழுவினால் கோடு அழிந்துவிடும். ஆனால் நான் வரும்போது எழுத்து அப்படியே இருக்கும். சாந்தாபாய்தான் திரும்பப் போட்டு வைப்பாள். ஓர் எழுத்துத் தமிழ் தெரியாதவள். என் கோட்டை மனசில் வாங்கி வைத்திருந்தாள்.

ஒரு சாயங்காலம் படியேறும்போதே சாந்தாபாய் கூவினாள். "தேகோ பாவு! சுகி அகேலி கியா!" சுகி தானாகவே போட்டாளாம். சாந்தாபாய் வீட்டுக் கதவில், கரியால், கோணலாக ஒரு 'வா'.

அன்றைக்கே ஒரு கார்டை எடுத்துக் கொடுத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். 'வ' கார்டின் இடது ஓரத்தில். துணைக்கால் வலது ஓரத்தில். நடுவில் அத்தனையும் காலி.

"ஏம்மா இவ்வளவு தூரத்துல போட்டிருக்க?"

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அம்மா தூர் ஹை ந, அப்பா?" அம்மா தூரத்தில்தானே இருக்கிறாள்!

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கார்டை எஸ்தரிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "இது என்னதுங்க? 'வ'ன்னாவும் ஒத்தக் காலும்?" சுகி சொன்னதைச் சொன்னேன். சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் அழுகையாயிற்று. நர்ஸ் வந்து என்னை முறைத்தாள்.

மணியடித்து நான் எழுந்தபோது எஸ்தர் கேட்டாள், "அந்தக் கையெழுத்து… எங்கங்க போடணும்?"

அறுவை நடந்தது. பிழைத்தாள். சானடோரியத்தில் சேர்த்த எட்டாம் மாதம் வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

இங்கே முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடந்தது வேறு.

சுகி அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சாந்தாபாயின் சேலைக்குள் புகுந்துகொண்டு வரவே மாட்டேன் என்று அழுதாள். எஸ்தர் நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். இருபது நாள் இப்படியே போயிற்று. பக்கத்து அறையில் மகள் சிரிக்கிற சத்தம் கேட்கும். இங்கே எஸ்தர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு, ஒவ்வோர் அடியாக, பிள்ளை அம்மாவிடம் வந்தது. தமிழும் கூடவே வந்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

எஸ்தர் விடவில்லை.

"பக்கத்து வீட்டம்மாவப் பாத்தியளா? பொழுதன்னைக்கும் நம்ம வாசல்ல வந்து நின்னு நின்னு போறா. பிள்ளைக்குன்னு சப்பாத்தி போட்டு வச்சிருக்கா. கூப்பிடத்தான் வாய் வரல. அந்த இருபது நாளும் நான் இருந்த மாதிரியே இப்ப அவ இருக்கா."

சொல்லிவிட்டுச் சுகியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். அன்று தொடங்கி, செம்பூருக்கு நாங்கள் வீடு மாறும்வரை, மத்தியானச் சாப்பாடு அவர்கள் மூன்று பேருக்கும் அங்கேதான். இப்போது எஸ்தர் பேசுகிற மராத்தி என்னுடையதைவிடச் சுத்தம்.

எட்டு மாதம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். பிள்ளையைக் கொடுக்கவும் வாங்கவும் தினம் இரண்டு தடவை அந்தக் கதவைத் தட்டினேன். உள்ளே ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்பது எனக்கு மட்டும் தெரியவே இல்லை… பத்தி வேறு எழுதுகிறேனாம்!