ஐம்பது காட்டிய முள்

இன்று காலை திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு மோட்டார் சைக்கிளில் போனோம். பின்சீட்டில் என் மனைவி. பத்து மணிக்கு அவளுக்கு டீச்சர் வேலைக்கு இண்டர்வியூ.

ஒன்பதரைக்குத்தான் கிளம்பினோம். இருபத்து மூன்று மைல். ஸ்பீடோமீட்டர் முள் மணிக்கு ஐம்பது மைலில் நின்றால் இரண்டு நிமிடம் மிச்சம் என்பது என் கணக்கு.

முள் ஐம்பதில்தான் நின்றது. ஆனாலும் ஒரு பஸ் எங்களைத் தாண்டியது.

"ஏங்க, அம்பதுல போய்க்கினு இருக்கோம்னீங்க. பஸ்ஸு எப்படித் தாண்டுது?"

"அவன் பேய் மாதிரி ஓட்டிக்கினு போறான்" என்றேன்.

அதன்பின் அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒவ்வொரு மைல் கல்லுக்கும் என் தோளில் ஒரு தட்டு தட்டினாள். நாலைந்து கல் தாண்டியதும் சொன்னாள்.

"கல்லுக்குக் கல்லு எம்பது செகண்டு ஆவுது. நாப்பத்தஞ்சுலதான் போறோம். முள்ளு அஞ்சு மைலு சேத்துக் காட்டுது."

"உன் வாட்ச்சு ஃபாஸ்ட்டா ஓடுது."

"வூட்டுல இந்த வாட்ச்சப் பாத்துதான ஆபீசுக்குப் போறீங்க?"

ஆக்சிலரேட்டரை முறுக்கினேன். முள்ளைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போதே உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஓடினாள். முடிவு தெரிய ஒரு வாரம் ஆகுமாம்.

வாசலில் நின்ற எனக்கு வேறு கவலை. முகையூர் சாலையில் அறுபதைத் தொட்டதாக, மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நண்பர்கள் உங்கள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். பத்துக்கு ஒன்று கழித்தால் அது ஐம்பத்து நாலு.

உங்களில் இரண்டு பேர் எழுபதைத் தொட்டதாகச் சொன்னீர்கள். பின்சீட்டில் மனைவியை உட்காரவைத்து, கையில் கடிகாரத்தைக் கொடுத்து, நாலு மைல் ஓட்டிவிட்டு வந்து மறுபடி சொல்லுங்கள்.